கரைக்காத வெள்ளி

மணல்காட்டுத் தெருப் பெண்களின் நிழலுக்குள் எலும்பு தெரிய ஆரம்பித்தது, ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று. சொம்பும் தூக்குவாளியுமாக அவர்கள் வரிசையில் நிற்க, முதுகுப்பக்கம் வெயில் ஏற, ஏறிய வெயில் அவரவர் நிழலை அவரவர் முன்னால் மண்ணில் கிடத்த, கிடத்திய நிழலுக்குள் மண்டையோடும் முதுகுத்தண்டும் விலாக்கூடும் இடுப்பெலும்பும் வெளுப்பாகத் தெரிந்தன, சொம்பைப் பிடித்திருந்த விரல்களின் எலும்புகள்கூட ஒன்றுவிடாமல் தெரிந்தன. யாரும் மயங்கி விழவில்லை. கூழ் தீர்ந்துவிடப் போகிறதே என்ற கவலையில் வரிசை கலையாமல் நகர்ந்தது. வெள்ளிப் பட்டறையில் மெருகு போடும் பாவாயி மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இத்தாம்பெரிய ஒடம்புக்கு இத்துனூண்டு மண்டையா வெச்சிருக்கான் ஆண்டவன்?" என்று கேட்டாள், பின்னால் நின்றவர்கள் சிரிக்கவும் செய்தார்கள்.

சிரிக்காதவள் சிந்தாமணி. அவளுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. தன் நிழலின் இடுப்பெலும்புக்கு நடுவில் இன்னொரு எலும்புக்கூடு சுருண்டு கிடப்பதை அவள் பார்த்தாள். சாத்துக்குடி அளவுக்குத் தலை, அதைத் தாங்க வளைந்த ஒரு முதுகெலும்பு, நெஞ்சுக்கு முன்னால் மடக்கிய கைகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு காலை நீட்டி மடக்கியது. சிந்தாமணியின் சொம்பு கீழே விழுந்து கூழ் மண்ணோடு போனது.

இதற்கு முன்னால் அவள் சுமந்த இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டாவது, போவதற்கு முதல் நாள்வரை நன்றாக உதைத்துக்கொண்டுதான் இருந்தது. உதைக்கிறதே, இந்தத் தடவை தப்பிவிட்டோம் என்று நம்பிப் படுத்தவள் காலையில் எழுந்தபோது எல்லாம் அடங்கிப்போயிருந்தது. அன்றிலிருந்து அவள் உதையை நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் காட்டும் ஸ்கேன் படத்தில் மேகமூட்டத்தைத் தவிர ஒன்றும் புரியாததால் அதையும் நம்புவதில்லை. இப்போது கண்ணெதிரே, கோயில் வாசலில், விரல் விரலாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று தெருவில் யாரும் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேலத்துக்கு மேற்கே இருக்கிற அந்தத் தெருவுக்குப் பிழைப்பே பழைய எக்ஸ்ரே படங்கள். ஆஸ்பத்திரிகள் வேண்டாமென்று போடும் படங்கள் மூட்டை மூட்டையாகச் சடையப்பனின் பட்டறைக்கு வந்து இறங்கும். எக்ஸ்ரே படத்தில் கறுப்பாக இருப்பதெல்லாம் வெள்ளிதான். பளபளக்கும் வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கிவிட்டால் அது கறுப்பாகிவிடும், கறுப்பை அள்ளி உருக்கினால் மறுபடி வெள்ளையாகிவிடும். பெண்கள் கொதிக்கும் காரத்தண்ணீரில் படங்களை முக்கி அலசுவார்கள். யார் யாருடைய நெஞ்சுக்கூடோ, யார் யாருடைய முறிந்த முழங்காலோ, கறுப்புக் கஞ்சியாக வழிந்து தொட்டியின் அடியில் தங்கும். அதைக் காயவைத்துச் சுட்டு, வெங்காரப் பொடி தூவி மூசைக் கிண்ணத்தில் உருக்குவது சிந்தாமணியின் புருஷன் மாதையனுடைய வேலை.

உருக்கிய கட்டியை அப்படியே யாரும் நகைக்கு எடுப்பதில்லை. அதை நைட்ரிக் ஆசிட்டில் போட வேண்டும். போட்டால் செம்பழுப்பாகப் புகை கிளம்பும், அத்தனை கெட்டியான உலோகம் இருந்த இடம் தெரியாமல் கரைந்து தெளிந்த தண்ணீராக நிற்கும். அந்தத் தண்ணீரில் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால் தண்ணீர் நீலமாகும், தகட்டின் மேல் வெள்ளி சாம்பல் நிறப் பஞ்சாக வந்து ஒட்டும். அதை அலசி இன்னொரு முறை உருக்கினால்தான் சுத்த வெள்ளி. ஆசிட்டில் கரையும்போதுதான் வெள்ளி தான் பார்த்ததையெல்லாம் மறக்கும் என்று தெருவில் சொல்வார்கள். கரைசல் தெறித்த விரல் முதலில் ஒன்றும் ஆகாததுபோல் இருந்துவிட்டு, வெயிலில் வந்தவுடன் கன்னங்கரேலென்று கறுத்துப்போகும், தோல் உரிகிறவரை அந்தக் கறை போகாது. மறந்தது வெளியே வருகிறது என்பார்கள் அதை.

ஆடிக்குத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோடிக் கொலுசு கொடுப்பது சடையப்பன் வீட்டு வழக்கம். அந்த வருஷம் லாரிகள் ஓடவில்லை, ஆசிட் வந்து சேரவில்லை, ஆடி மட்டும் தப்பாமல் வந்துவிட்டது. "நம்ம பொம்பளைங்க போடறதுதானே, எந்தக் கடைக்காரன் உரசிப் பாக்கப் போறான்? நேரா உருக்கி இழுத்துடு மாதையா," என்றார் சடையப்பன். மாதையனும் நேராக உருக்கிக் கம்பி இழுத்தான், கொலுசும் ஆயிற்று, தெருவே ஜல்ஜலென்று நடந்தது. ஒன்றையும் மறக்காத வெள்ளியைப் பெண்கள் காலில் பூட்டிக்கொண்டு வெயிலில் போய் நின்றார்கள். அவ்வளவுதான் நடந்தது.

நடந்ததற்குத் தெரு பழகிய வேகம்தான் ஆச்சரியம். பக்கத்து ஊர்த் தரகர், பெண் பார்க்க வருகிறவர்களைக் காலை வெயிலுக்கு வரச் சொன்னார். பெண் காபித் தட்டோடு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், மாப்பிள்ளையின் அம்மா நிழலைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்ல வாட்டமா இருக்குது," என்று திருப்தியாகக் காபியைக் குடித்தாள். மருமகள் முதுகு வலிக்கிறது என்றால் வேலைக்குக் கள்ளம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாமியார், அவள் நிழலில் முதுகுத்தண்டு ஓரிடத்தில் விலகி நிற்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்க் குடத்தைத் தானே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த இன்னொருத்தியின் முன்னங்கையில், முறிந்து கூடி மறுபடி முறிந்த தழும்பு எல்லோர் கண்ணிலும் பட்டது. அவள் புருஷன் அன்றிலிருந்து தெருவில் தலையைத் தூக்கி நடப்பதை விட்டான். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, பூக்காரியை நிறுத்திவைத்து எலும்புகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார், அவளும் பூக்கட்டியபடியே நின்றாள்.

எல்லாரையும்விட மவுசு கூடியது வரதப்பனுக்கு. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே இருட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ரிட்டயரான மனிதர் அவர். டீக்கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் நிழலைத் தொட்டுத் தொட்டுப் பலன் சொன்னார். சொன்னதில் பாதி தப்பு. ஆனால் தப்பையும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அழுத்தமாகச் சொன்னதால் தெரு நம்பியது. பாவாயியின் நிழலில் விலாவுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் பொட்டைக் காட்டி, "கிட்னியில கல்லும்மா," என்றார். அது சரியாக இருந்தது. அவளுக்கு அவ்வப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழும் வலி இருந்ததை ஊரே அறியும்.

சிந்தாமணி டீக்கடைப் பக்கம் போகவில்லை. தினமும் காலையில் புருஷன் பட்டறைக்குக் கிளம்பியதும் புழக்கடைக்குப் போய், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பிள்ளையைப் பார்த்தாள். அது தூங்கும், விரலைச் சூப்பும், திரும்பிப் படுக்கும். அசைந்தால் கும்பிட்டாள். அசையாவிட்டால் அசைகிறவரை நின்றாள், கால் வீங்க நின்றாள், உலையில் அரிசி குழைய நின்றாள். உள்ளே வந்து பாத்திரம் கழுவும்போதே மறுபடி பயம் வரும், கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பயம் இருந்தது, பார்த்த பின்னால் நிமிஷத்துக்கு ஒரு பயம் வந்தது.

ஆவணி பிறந்தபோது நிழல்கள் கறுக்க ஆரம்பித்தன.

முதலில் கண்டது இட்லிக்கடை அத்தாயி. அவளுக்கு வயதாகிவிட்டது, அவள் நிழலில் விரல் எலும்புகள் எப்போதுமே கொஞ்சம் மங்கல்தான். ஒருநாள் விரல்களைக் காணவில்லை. அடுத்து மணிக்கட்டு போனது, அதற்கடுத்து முழங்கை. ஓரத்திலிருந்து கறுப்பு உள்ளே ஏறிக்கொண்டே வந்தது. அது மரத்தின் நிழல்போல, ஆம்பளைகளின் நிழல்போல வெளிறிய கறுப்பு இல்லை, தரையில் ஆழமாகக் குழி வெட்டிவிட்டதுபோன்ற கறுப்பு. பிள்ளைகள் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

வரதப்பனைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார், ஆனால் இந்தத் தடவை மறுபடி மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். "படத்தை மருந்துல போட்டுக் கழுவணும். கழுவாம வெளிச்சத்துல வெச்சா கறுத்துக்கிட்டே போவும். முழுசாக் கறுத்த படத்துல அப்பறம் ஒண்ணுமே இருக்காது," என்றார்.

"ஒண்ணுமே இருக்காதுன்னா?"

"நான் படத்தச் சொன்னேன்," என்றார் வரதப்பன், யார் முகத்தையும் பார்க்காமல்.

அன்றே தெருவில் எல்லாப் பெண்களும் கொலுசைக் கழற்றினார்கள். நிழலில் எலும்பு போகவில்லை. ஒரு தடவை வெளிச்சம் விழுந்தது விழுந்ததுதான், படப்பெட்டியின் மூடியைச் சாத்தினால் மட்டும் பழையபடி ஆகிவிடுமா? இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும், படத்துக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது என்று வரதப்பன் சொல்ல, திருவிழாவுக்குக் கட்டும் சிவப்புத் துணியையெல்லாம் எடுத்து, போதாததற்குக் கல்யாணச் சேலைகளையும் எடுத்து, கூரைக்குக் கூரை இழுத்துக் கட்டித் தெருவுக்கே பந்தல் போட்டார்கள். பந்தலுக்குக் கீழே எல்லோர் முகமும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீர் ஊற்றியதுபோல் சிவந்து கிடந்தது. கடைக்காரர், பால்காரர், தபால்காரர் எல்லோரும் அந்தச் சிவப்புக்குள் வந்து போகப் பழகினார்கள். பெண்கள் சத்தமாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அத்தாயி பந்தலுக்குக்கூட வரவில்லை. ஜன்னலில் சாக்கை அடித்து, கதவைத் தாழிட்டு, அடுப்பு வெளிச்சம்கூட வேண்டாமென்று உள்ளே கிடந்தாள். அப்படிக் கிடந்தும் கறுத்தது. தோளைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, கடைசியாக நெஞ்செலும்பும் கறுப்புக்குள் போனதைச் சோறு கொண்டுபோன பாவாயி கதவிடுக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். மறுநாள் காலையில் அத்தாயி எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு, இதயத்திலும் கோளாறு உண்டு, எண்பதைத் தொட்டாயிற்று, எதனால் வேண்டுமானாலும் போயிருக்கலாம். அதையெல்லாம் ஆம்பளைகள் சொன்னார்கள். பெண்கள் தங்கள் நிழலின் கைவிரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள், சிலருக்கு விரல்நுனிகள் ஏற்கெனவே கறுத்திருந்தன.

எழவு வீட்டில்தான் சடையப்பன் வாயைத் திறந்தார். அத்தாயி அவருக்குச் சின்ன வயதில் சோறு போட்டவள். "அன்னிக்கு விட்டதை இன்னிக்குச் செஞ்சு பாக்கலாம். எவ்வளவு செலவானாலும் ஆசிட்டை வரவெக்கிறேன். கொலுசையெல்லாம் கரைச்சுப்புடுவோம்," என்றார், சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் அழுதார். முதலில் யார் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது பாவாயி தன் மடியிலிருந்து கொலுசை எடுத்துப் போட்டாள்.

ஆசிட் வந்தது. பட்டறை முற்றத்தில் பீங்கான் தொட்டியை வைத்து, மாதையன் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பாவாயியின் கொலுசை உள்ளே விட்டான். புகை கிளம்பியது. சதங்கை ஒவ்வொன்றாகக் கரைய, முற்றத்தில் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்த பாவாயியின் நிழலிலிருந்து எலும்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மண்டையோடு போனது, விலா போனது, கிட்னிக் கல் போனது, கடைசியில் மற்ற மனிதர்களுக்கு இருப்பதுபோல ஒரு சாதாரண நிழல் அங்கே கிடந்தது. பாவாயி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து கொன்றுகொண்டிருந்த வலியைக் காணவில்லை.

"கல்லே போயிருச்சு!" என்று கத்தினாள் அவள். "நெழல்ல போனது ஒடம்புலயும் போயிருச்சு!"

தெரு துள்ளியது. பெண்கள் வீட்டுக்கு ஓடிக் கொலுசைக் கொண்டுவந்தார்கள். தேய்ந்த முழங்கால் உள்ளவள், விலகிய முதுகுத்தண்டு உள்ளவள், இருமல்காரி, எல்லோரும் நிழலோடு சேர்ந்து நோயும் போகட்டும் என்று முட்டி மோதினார்கள். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த சிந்தாமணி மட்டும் ஓரடி பின்னால் போனாள். நிழலில் போனது உடம்பிலும் போய்விடும். அவள் நிழலில் இருப்பது கல்லா? சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கொலுசை அரிசிப் பானைக்குள் போட்டு, மேலே அரிசியைத் தள்ளி மூடினாள்.

ஒவ்வொரு நாளும் சில பெண்கள் சாதாரண நிழலோடு தெருவில் நடந்தார்கள். பந்தல் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கல்யாணச் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். கடைசியில் சிந்தாமணி வீட்டு வாசலுக்கு மேலே மட்டும் சிவப்புத் துணி மிச்சம் இருந்தது.

மாதையன் கெஞ்சினான். "சிந்தா, ஒன் நெழல்ல கைய பாரு. தோள் வரைக்கும் ஏறிப்போச்சு. அத்தாயிக்கும் இப்பிடித்தான் ஏறுச்சு."

"ஏறட்டும்ங்க."

"ஏறி முடிஞ்சா நீயும் இருக்கமாட்ட, அதுவும் இருக்காது."

"கரைச்சா நான் இருப்பேன், அது இருக்காது. பாவாயியக்கா கல்லு எங்க போச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்?" என்றாள் அவள். அவன் கறை படிந்த தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேராக உருக்கியவன் அவன்தானே. அந்த நினைப்பு அவனைச் சோறு தின்னவிடவில்லை.

வரதப்பனைக் கூட்டிவந்தான். வரதப்பன் அவள் நிழலைப் பார்த்தார், வயிற்றிலிருந்ததைப் பார்த்தார், குச்சியால் தொட வந்தவர் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா. நான் படம் கழுவுனவன்தான், படத்துல இருந்தவங்க அப்பறம் என்ன ஆனாங்கன்னு எனக்கு யாரும் சொன்னதில்ல," என்றார். அவர் வாழ்க்கையில் தெரியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை. அதைக் கேட்டபோது சிந்தாமணிக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

பாவாயியும் வந்தாள். சிந்தாமணியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "வெயில்ல போயிப் பாக்காத கண்ணு. பாக்கப் பாக்கத்தான் கறுக்குது," என்றாள்.

"பாக்காம இருக்க முடியலயேக்கா."

"நாங்கெல்லாம் பாத்தா பெத்தோம்?"

"நீங்க பெத்தீங்கக்கா," என்றாள் சிந்தாமணி. பாவாயி இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

சிந்தாமணி பார்த்தாள். கறுப்பு தோளைத் தாண்டியது, கழுத்துக்கு வந்தது, கீழிருந்து தொடை வழியாகவும் ஏறியது. இரண்டு பக்கமும் கறுப்பு நெருங்க நெருங்க, நடுவில் வயிறு மட்டும் தண்ணீர் சூழ்ந்த மேட்டுக்காடுபோல் வெளிறி நின்றது. பார்ப்பதால்தான் நெருங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போனாள். போகாமல் வீட்டுக்குள் இருந்த நாட்களிலும் அது நெருங்கத்தான் செய்தது, அதனால் எது தன் தப்பு, எது விதி என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை அவள் கம்பிக்குக் கீழே போய் நின்றபோது, பிள்ளையின் இடது பாதத்தைக் காணவில்லை. நேற்று இருந்தது. கட்டைவிரலைத் தனியாக விரித்து வைத்திருந்தது. இப்போது கணுக்கால்வரை கறுப்புக்குள் இருந்தது. அவள் நகர்ந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், வெயிலுக்கு எப்படித் திரும்பினாலும் பாதம் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு ஓர் இம்மி மேலே வந்தது.

சிந்தாமணி உள்ளே போய் அரிசிப் பானையைக் கவிழ்த்தாள். தரையெல்லாம் அரிசி சிதற, கொலுசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, வாய்விட்டு அழுதபடி பட்டறைக்கு நடந்தாள். தெரு அவளைப் பார்த்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் கையில் இருந்த வேலையோடு இறங்கி அவள் பின்னால் வந்தார்கள்.

மாதையன் தொட்டியில் ஆசிட்டை ஊற்றினான். சிந்தாமல் இருக்க, சடையப்பன் ஜாடியின் அடியைப் பிடித்துக்கொண்டார். "போடட்டுமா?" என்று கேட்டான் அவன். அவள் தலையாட்டவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கொலுசை எடுத்துத் தானே உள்ளே விட்டாள், அடுத்ததையும் விட்டாள்.

புகை வந்தது. சதங்கைகள் நுரைத்து, மெலிந்து, இல்லாமல் போயின. அவள் நிழலின் தலையிலிருந்து கறுப்பு வெளிற ஆரம்பித்தது, மண்டையோடு தெரிந்து மறைந்தது, விலாக்கூடு தெரிந்து மறைந்தது. கறுப்பு கீழே இறங்க, பிள்ளையின் இடது பாதம் ஒரு கணம் கறுப்புக்குள்ளிருந்து வெளியே வந்து, ஐந்து விரலோடும் முழுசாகத் தெரிந்தது. அவள் "சாமீ" என்று குனிந்து அதைத் தொடப்போனாள். தொடுவதற்குள் பாதம் போயிற்று. முழங்கால் போயிற்று, கைகள் போயின, முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகப் போயிற்று. தலை கொஞ்ச நேரம் தனியாக நின்றது, பிறகு அதுவும் போயிற்று. ஒரு கர்ப்பிணியின் சாதாரண நிழல் முற்றத்தில் கிடந்தது. தொட்டியில் தெளிந்த தண்ணீர் நின்றது, அதில் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகாயம் தெரிந்தது.

சிந்தாமணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை உதைக்கவில்லை. வழக்கமாக அந்த நேரத்துக்கு அது ஆட்டம் போடும். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்கள், கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்தி சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கச் சொன்னாள். குடித்தாள். இடதுபக்கமாகப் படுக்கச் சொன்னாள் இன்னொருத்தி. படுத்தாள். உள்ளே ஒரு சலனமும் இல்லை. அவளுக்கு அந்தப் பழைய காலை நினைவுக்கு வந்தது, அடங்கிப்போன வயிற்றோடு விழித்த காலை, அதே கனம், அதே அமைதி.

"கரைச்சுட்டேன்," என்றாள். "எம்புள்ளய நானே கரைச்சுட்டேன்."

மாதையன் ஆட்டோவுக்கு ஓடினான். பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம், மிஷின் வைத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது என்று சடையப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆட்டோ வந்தது. அவளை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். தன் நிழலைத் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஒரு காலை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டாள்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அலறல் கிளம்பியது. பாவாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சுருண்டு விழுந்திருந்தாள். வியர்த்துக் கொட்டியது, பல்லைக் கடித்தாள், புரண்டாள், "ஐயோ, அந்தப் பாழாப்போன கல்லு! போவலடி, எங்கியும் போவலடி, அங்கியேதான்டி குத்துது!" என்று தெருவே அதிர அலறினாள். பக்கத்தில் அவளுடைய சாதாரண நிழல், கல்லும் எலும்பும் இல்லாத சுத்தமான நிழல், அவளோடு சேர்ந்து புரண்டது.

சிந்தாமணி ஆட்டோவிலிருந்து காலை எடுத்தாள். தாங்கிப் பிடித்திருந்த கைகளை உதறிவிட்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, அந்த உடம்போடு யாரும் ஓடக்கூடாத ஓட்டம் ஓடி, பாவாயியின் பக்கத்தில் மண்டியிட்டு விழுந்தாள். வலியில் முறுக்கிக்கொண்ட அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கன்னத்திலும் நெற்றியிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் வழிந்தது.

"கத்துங்கக்கா," என்றாள். "எஞ்சாமி, இன்னும் நல்லாக் கத்துங்க."